பந்திக்கு வராமல் அமர்ந்திருந்த சகோதரி



இந்த வாரச் சிந்தனை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறது. அறிக்கையிடுகிறவன் நான், கேட்கிறவர்கள் நீங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த சேகரத்தில், மாதத்தின் முதல் ஞாயிறன்று திருவிருந்து ஆராதனை நடைபெறும். சபையார் வரிசை வரிசையாக எழுந்து வந்து, முழங்காலிட்டு, அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெற்றுத் திரும்புவார்கள். பெண்கள் பகுதியில் தூண் ஓரமாக அமர்ந்திருந்த ஒரு சகோதரி மட்டும் ஒரு மாதம் எழுந்து வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் தலையைக் குனிந்தபடி அங்கேயே அமர்ந்திருந்தார்.

நம் சபைகளில் இப்படிப்பட்ட காரியம் எவ்வளவு விரைவில் பேச்சாக மாறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் ஏதோ பிணக்கு என்றார்கள் சிலர். மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். அந்தப் பேச்சு என் செவிக்கும் எட்டியது. ஒரு கணம் நானும் அவ்வாறே எண்ணினேன். அது என் முதல் வெட்கம். அவரைப் பந்தியிலிருந்து விலக்கியவன் நானே என்று பின்னர் அறிந்தேன். அது என் பெரிய வெட்கம்.

அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். ஆனால் கட்டாயம் எழுதுங்கள் என்றும் சொன்னார்.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக அவருக்கு உடல்நலம் இல்லை. எந்நேரமும் களைப்பு, வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, வாய்ப்புண். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-க்கும் 8-க்கும் இடையிலேயே நின்றது. இரும்புச்சத்து மாத்திரைகள் எத்தனை விழுங்கினாலும் அது ஏறவில்லை. இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. ஒரு மருத்துவர் அல்சர் என்றார். இன்னொருவர் மன அழுத்தம் என்றார். உறவினர் சிலர் குடும்பச் சாபம் என்றார்கள். மருத்துவர்கள் பலரிடம் சென்று, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமடையாமல் 12 ஆண்டுகள் துன்புற்ற ஒரு பெண்ணைப் பற்றி மாற்கு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் இந்தச் சகோதரியின் முகமே என் நினைவுக்கு வருகிறது.

கடைசியில் ஒரு குடல்நோய் மருத்துவர் அவரிடம் வேறொரு கேள்வி கேட்டார்: "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" இரத்தசோகைக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு வேளையும் கோதுமைச் சப்பாத்தியும், மாலையில் ரஸ்க்கும், இரவில் மால்ட் கலந்த சத்துபானமும் உட்கொண்டு வந்திருந்தார். உடம்பு தேற வேண்டும் என்று அவர் உண்டதெல்லாம் உடம்பை உருக்கிக்கொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு திசுவின் பரிசோதனையும் ஒரே பெயரைச் சொல்லின: சீலியாக் நோய்.

இது என்ன நோய் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கோதுமை, வாற்கோதுமை என்னும் பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. பிசைந்த மாவு அறுந்துபோகாமல் இழுபட்டு நிற்பதற்கு அதுவே காரணம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது நீங்கள் காண்பது குளூட்டனின் வேலை. பிறவியிலேயே குறிப்பிட்ட சில மரபணுக்களைப் பெற்றவர்களுள் சிலருக்கு, இந்தப் புரதம் உள்ளே சென்றதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உணவின் சத்தை உறிஞ்ச வேண்டிய பரப்பே அழிந்துபோவதால் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடலில் சேர்வதில்லை. குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றும். பெரியவர்களுக்கு எலும்பு வலுவிழக்கும். சிலருக்குக் கருத்தரிப்பதும் கரு நிலைப்பதும் கடினமாகும்.

இது ஒவ்வாமை அன்று, அஜீரணமும் அன்று. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். இதற்கு மருந்து இல்லை. குளூட்டனை அறவே விலக்கிய உணவு ஒன்றே சிகிச்சை. அவ்வாறு விலக்கினால் குடல் மெல்ல ஆறுகிறது. ஆறே மாதங்களில் நம் சகோதரியின் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. நோயின் பெயரைக் கேட்ட அன்று தாம் அழுததாகவும், அது துக்கத்தின் அழுகை அல்லவென்றும் அவர் சொன்னார். ஒன்பது ஆண்டுகள் சாபம் என்றும் மனக்கோளாறு என்றும் அழைக்கப்பட்ட ஒன்றுக்கு உண்மையான பெயர் கிடைத்துவிட்டதே என்று அழுதாராம்.

அதன்பின் வந்த ஒரு சனிக்கிழமை மாலையில் அவர் குருமனைக்கு வந்தார். மறுநாள் திருவிருந்து.

"ஐயா, நம் அப்பம் கோதுமையில் செய்ததுதானே? நான் அதை வாங்கலாமா?"

நான் நூல் எதையும் புரட்டவில்லை. எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. உடனே பதில் சொன்னேன். "நகத்தளவு அப்பம்தானே அம்மா? ஜெபித்து ஆசீர்வதித்தது. விசுவாசத்தோடு வாங்குங்கள், ஒன்றும் செய்யாது" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பினார். ஞாயிறன்று பெற்றுக்கொண்டார். அன்று பிற்பகலே வாந்தி தொடங்கியது. மூன்று நாட்கள் படுக்கை, பள்ளிக்கு விடுப்பு. இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு நான் வீட்டுச் சந்திப்புக்குச் சென்றபோது அவருடைய கணவரே சொன்னார்: "சொன்னால் ஐயா மனம் வருந்துவார் என்று சொல்லாமல் இருந்தாள்." நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர்களுக்காக நான் எடுத்துச் சென்றிருந்த பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு புட்டி மால்ட் பானமும் இருந்தன.

பிரியமானவர்களே, நல்லெண்ணம் மட்டும் ஒருவரைத் தவறிலிருந்து காப்பதில்லை. இந்த நோயின் வரலாறே அதற்குச் சாட்சி. ஆதிகாலத்தில் கப்பத்தோக்கியாவைச் சேர்ந்த அரெத்தேயு என்ற கிரேக்க மருத்துவர் இத்தகைய வயிற்று நோயை விவரித்தார். பேதுரு தம் நிருபத்தின் முகப்பில் குறிப்பிடுகிறாரே, அதே கப்பத்தோக்கியா. 1888-இல் லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இதைத் தெளிவாக எழுதினார். இது குணமாகுமானால் உணவினாலேயே குணமாகும் என்று சரியாகக் கணித்தார். ஆனால் எந்த உணவு என்று சொல்ல வந்தபோது தவறிவிட்டார். அரிசியை விலக்கச் சொன்னார். மெல்லியதாக அரிந்து வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். பெரிய மருத்துவர், அன்புள்ளவர், நோயாளிக் குழந்தைகளுக்காக உழைத்தவர். ஆயினும் மருந்தை விலக்கி நஞ்சை அனுமதித்தார்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமைமீது அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த நெதர்லாந்தில் கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் துலிப் மலரின் கிழங்குகளைத் தின்று உயிர்பிழைத்தார்கள். ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி மறுபடியும் கிடைத்தபோது மறுபடியும் நோயுற்றார்கள். 1950-இல் அவர் தம் ஆய்வை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். ஊரெல்லாம் ரொட்டிக்காக ஏங்கிய காலத்தில், ரொட்டியே சிலருக்கு நோய் என்பதைக் காண அவருக்குக் கண் இருந்தது. எல்லாருக்கும் நன்மையானது இந்த ஒருவருக்கும் நன்மைதானா என்று கேட்கும் அந்தக் கண் ஒரு போதகனுக்கும் வேண்டும். எனக்கு அது இல்லாமற்போயிற்று.

இனி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சீலியாக் நோயுள்ள ஒருவர் நம் சபையில் இருப்பாரானால், அவர் தயக்கமின்றிப் பந்திக்கு வரும்படி அப்பத்தை மாற்றுவது சபையின் கடமை. அது சபை அவருக்குக் காட்டும் சலுகை அன்று. அப்பத்தை மாற்றச் சபையின் ஒழுங்கு அனுமதிக்கும் இடங்களில், அவருக்கென்று தனித்தட்டில் வைப்பதைவிட, சபை முழுவதும் அவர் உண்ணக்கூடிய ஒரே அப்பத்தை உண்பதே சிறந்தது.

இதற்கு எதிராக நான் கேட்ட மறுமொழிகள் மூன்று.

முதலாவது, "ஒரு நொறுங்கல்தானே?" என்பது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உட்சென்றால் போதும், குடல் மீண்டும் சேதமடையும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. நம் நாட்டின் உணவுச் சட்டமும், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளையே குளூட்டன் அற்றது என்று விற்க அனுமதிக்கிறது. சிலருக்கு வாந்தியும் வலியும் வராமலே உள்ளே குடல் புண்படுவதும் உண்டு. ஆகவே "நேற்று சாப்பிட்டீர்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதமும் நிற்காது. அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் சபைகளில் பாத்திரத்திலும் நொறுங்கல் விழுகிறது. அங்கே ரசத்தை மட்டும் அருந்துவதும் அவருக்குப் பாதுகாப்பாகாது.

இரண்டாவது, "விசுவாசம் இல்லையா?" என்பது. இதுதான் மிகுந்த காயத்தை உண்டாக்குகிறது. என் வாயிலிருந்து வந்ததும் இதுவே. குணமளிக்கும் ஜெபக்கூட்டம் ஒன்றில் ஜெபித்த பின், சுகம் பெற்றதை நிரூபிக்கச் சப்பாத்தி உண்ணும்படி இதே சகோதரியிடம் சிலர் கூறியிருக்கிறார்கள். தேவன் குணமாக்குகிறார் என்பதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்று நோய் வந்தபோது பவுல் என்ன செய்தார் என்று எண்ணிப்பாருங்கள். அவருடைய விசுவாசத்தைப் பவுல் சோதிக்கவில்லை. தண்ணீரோடு சிறிது திராட்சரசமும் சேர்த்துக்கொள்ளும்படி உணவு குறித்தே ஆலோசனை எழுதினார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய கரங்களையுடைய அப்போஸ்தலன், தன் உத்தம குமாரனுக்குப் பத்தியம் சொன்னார். பத்தியம் காப்பது அவிசுவாசம் அன்று. சர்க்கரை நோயாளியின் கையிலிருக்கும் இன்சுலின் ஊசி எப்படித் தேவன் தந்த உதவியோ, இந்தச் சகோதரியின் தட்டிலிருக்கும் இட்லியும் அப்படியே.

மூன்றாவது மறுமொழி ஆழமானது. "நாம் அநேகராயிருந்தும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று பவுல் போதிக்கிறாரே, அப்பத்தை எப்படி மாற்றலாம்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். நல்ல கேள்வி. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை இதை மிகுந்த கவனத்தோடு அணுகியிருக்கிறது. நற்கருணை அப்பம் கோதுமையினாலேயே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. ஆகவே குளூட்டன் முற்றிலும் நீங்கிய அப்பத்தை அவர்கள் ஏற்பதில்லை. மிக மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பத்தை அனுமதிக்கிறார்கள். அதுவும் இயலாதவர்கள் ரசத்தை மட்டும் பெற்றாலே முழுமையாகப் பங்குபெற்றதாக எண்ணுகிறார்கள். 2017-இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதிய கடிதமும் இதை உறுதிப்படுத்தியது. அவர்களுடைய மனச்சாட்சியை நான் மதிக்கிறேன்.

ஆனால் சீர்திருத்த மரபில் வந்த நாம், பாத்திரத்தில் என்ன செய்திருக்கிறோம் என்று நினைத்துப்பாருங்கள். 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்த பல் மருத்துவர், திருவிருந்துக்கென்றே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவன் ஆண்டவருடைய பந்தியிலேயே மீண்டும் விழுந்துவிடக் கூடாது என்ற கரிசனையால் எத்தனையோ சபைகள் அதை ஏற்றுக்கொண்டன. பின்னர் தொற்றுநோய்க்கு அஞ்சிப் பொதுப் பாத்திரத்துக்குப் பதிலாகச் சிறு கிண்ணங்களை வைத்தோம். பலவீனனான சகோதரனுக்காக ரசத்தை மாற்றினோம். கிருமிக்காகப் பாத்திரத்தை மாற்றினோம். நோயுற்ற சகோதரிக்காக அப்பத்தை மாற்ற மட்டும் ஏன் தயங்குகிறோம்? இஸ்ரவேலரை 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் போஷித்த அப்பத்தில் கோதுமையே இல்லை. தேவனுடைய கிருபை ஒரு தானியத்துக்குள் அடைபட்டது அன்று.

ஒரே அப்பம் வேண்டும் என்றால், அந்த ஒரே அப்பம் எல்லாரும் உண்ணக்கூடியதாக இருக்கட்டும். கொரிந்து சபையில் பசியோடிருந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் முந்தி உண்டார்கள். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்து, போஜனம்பண்ணக் கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆண்டவருடைய சரீரத்தை நிதானித்து அறியாமல் உண்பது என்பதை நம் அந்தரங்கப் பாவத்தோடு மட்டும் பொருத்திப் பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப்பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் உண்ண முடியாமல் இருப்பதைக் காணாமல் உண்பதும் அங்கே குற்றமாகவே சொல்லப்படுகிறது. எனவே அந்தத் திருவிருந்து ஞாயிறுகளில் நிதானித்து அறியாதிருந்தவர்கள் பீடத்தண்டை வந்தவர்களே. தூணோரம் அமர்ந்திருந்தவர் அல்லர்.

எங்கள் சேகரத்தில் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படக்கூடும். பேராயருக்கு எழுதி அனுமதி பெற்றோம். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் அப்பம் செய்யும் பொறுப்பை ஏற்றார்கள். அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைத்தார்கள். ஏனென்றால் மாவு மில்லில் நமக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு நம் அரிசிமாவிலும் கலந்துவிடும். வெந்நீரில் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, இதற்கென்றே வாங்கிய புதிய தோசைக்கல்லில் சுட்டார்கள். முதல் மாதம் அது சற்றுத் தடித்துப்போயிற்று. முதியவர்களுக்கு மெல்லக் கடினமாக இருந்தது. இரண்டாம் மாதம் சரியாயிற்று. செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

பந்தியோடு இந்தக் கடமை முடிவதில்லை. நம் வீடுகளிலும் அசன விருந்துகளிலும் இவர்கள் ஒவ்வொரு வாரமும் சங்கடப்படுகிறார்கள். நாம் அரிசி உண்ணும் மக்கள். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் இயல்பாகவே இவர்களுக்கு ஏற்றவை. இது பெரும் பாக்கியம். ஆனால் ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டப்படுவது. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. அதைப் போட்ட சாம்பாரும் ரசமும் அரிசிச் சோற்றின்மேல் ஊற்றப்படுகின்றன. பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளமும், பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசையும் இவர்களுக்கு ஆகா. ஆகவே உங்கள் வீட்டுக்கு வரும் இவர்கள் எதையாவது வேண்டாம் என்று சொன்னால், "எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். அவர்கள் தம் வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்தால் அதை அவமதிப்பாக எண்ணாதீர்கள். என்ன சமைக்கலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்படிக் கேட்பதே அவர்களுக்குப் பெரிய விருந்து.

இன்னும் ஒன்று. வட இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இந்த நோய் காணப்பட்டது. நம் பகுதியில் அதைவிட மிகக் குறைவு. ஆகையினால்தான் நம்மிடையே இது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. காரணம் தெரியாத இரத்தசோகையும், ஓயாத வயிற்றுப்போக்கும், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவும் உங்கள் வீட்டில் நீடித்தால் மருத்துவரிடம் இந்த நோயைப் பற்றியும் கேளுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம். நோயுள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். நம் சகோதரியின் தம்பிக்கும் இவ்வாறே பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க நேரவில்லை.

அரிசி அப்பம் வைத்த அந்த முதல் ஞாயிறன்று, ஆராதனைக்குமுன் நான் சபையாரிடம் என் தவற்றை அறிக்கையிட்டேன். அவருடைய பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வரிசை எழுந்தபோது தூணோரத்து இருக்கையிலிருந்து அவரும் எழுந்தார். அவருக்கு முன்னால் நின்றவர், முன்பு அவரைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர். அந்த அம்மையார் சற்று விலகி, "நீங்க முதல்ல போங்க டீச்சர்" என்றார். வேறு மன்னிப்பு எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை. நான் அப்பத்தைக் கையில் வைத்தபோது அவர் வழக்கம்போல் ஆமென் என்றார். என்னால்தான் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை உடனே சொல்ல முடியவில்லை.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிறன்று நீங்கள் பந்திக்கு எழும்போது ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். யார் எழுந்து வரவில்லை? ஏன் வரவில்லை என்று ஊகிக்காதீர்கள். ஆராதனை முடிந்தபின் அவரருகில் சென்று அமருங்கள்; அன்போடு கேளுங்கள்; அவர் சொல்வதை நம்புங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, அறியாமல் நாங்கள் சொன்ன வார்த்தைகளால் காயப்பட்டவர்களை ஆற்றும். எங்கள் பந்தியில் இடமில்லாமல் நிற்பவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். பெயர் தெரியாத நோயோடு போராடுகிறவர்களுக்கு நல்ல மருத்துவரையும் பொறுமையுள்ள குடும்பத்தையும் அருளும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.